பலகையின் நாலாவது வரி

மண்டோரே,

நீங்கள் நட்ட பலகை இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. மழையில் ஊறிய மரத்தின் வாடையும் பழைய சாயத்தின் எண்ணெய் வாடையும் அறை முழுதும் பரவியிருக்கின்றன. சன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. நான்கு மூலைகளிலும் நீங்கள் அடித்த ஆணிகளின் துரு வழிந்து, காய்ந்த வெற்றிலைச் சாறுபோல் இருக்கிறது.

எதையும் எண் போட்டு எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. "கிராணியாருக்குத் தும்மல் வந்தாக்கூட ஒண்ணு, ரெண்டுன்னு போட்டுத்தான் தும்முவாரு" என்று சாலை போடும் கும்பல் முழுவதும் கேட்கச் சொன்னவர் நீங்கள். ஆகவே முதலில் வரிசை:

1. பலகை என் வீட்டுக்குத் திரும்பி வந்த விதம்.
2. நாம் அதை எழுதி நட்ட விதம்.
3. அன்று காலை நீங்கள் அவசரப்பட்டது.
4. விசாரணையில் நான் சொன்னது.
5. பலகையில் இனி என்ன எழுதுவது.

ஐந்தில் எதையும் விட்டுவிட மாட்டேன். ஒழுங்கு கொஞ்சம் பிசகினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயதாகிவிட்டது.

இன்று காலை உங்கள் மனைவி வந்தார். பலகையைத் தலையில் சுமந்துகொண்டு குவாட்டர்ஸிலிருந்து என் வீடுவரை நடந்தே வந்திருக்கிறார். கல்லுடைக்கும் கும்பலில் இருபது ஆண்டுகள் இருந்த கழுத்து அல்லவா, கொஞ்சமும் ஆடவில்லை.

"ஐயா, இருக்கீங்களா? சீக்கிரம் கதவத் தொறங்க, மழை வருது" என்று வாசலில் நின்று கூப்பிட்டார். நான் பலகையை இறக்கக் கை கொடுத்தேன். 

"எழுத்தெல்லாம் போயிருச்சு ஐயா. தைப்பூசம் வருது. பத்துமலைக்கு ரயிலேற எல்லாச் சனமும் நம்ம ரோட்டத் தாண்டித்தான வரணும்? வெளியூர்ச் சனம், தோட்டத்துச் சனம், மோட்டாரே பாக்காத சனமெல்லாம் வரும். புதுசா எழுதிக் குடுங்க. சாயம் வாங்கியாந்திருக்கேன். நாளைக்குக் காத்தால வந்து பாக்குறேன்." முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு, "அதே அஞ்சுதான?" என்று கேட்டார்.

"அதே ஐந்துதான்" என்றேன்.

அவர் புறப்படவில்லை. பலகையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றார். "இந்த அஞ்சுல ஒண்ண அந்த மனுசன் மதிச்சிருந்தா இன்னிக்கு உசிரோட இருப்பாரு. நட்டு வச்ச ஆளே மிதிச்சிட்டுப் போனாரு. அப்படி என்னா அவசரம், சொல்லுங்க? காப்பி ஆறிப் போயிருமா? விளக்கேத்துறப்பகூட வைதுகிட்டேதான் ஏத்துறேன் ஐயா. வையாம ஒரு நாளு ஏத்துனதில்ல."

நான் டப்பாவை எடுத்து மேசையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தேன்.

"கடைசியா ஒண்ணுமே சொல்லலியா ஐயா?"

இந்தக் கேள்வியை அவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் நான் சொல்லும் பதிலையே இன்றும் சொன்னேன். "ஒன்றும் சொல்லவில்லை, அம்மா."

முதலாவது இவ்வளவுதான்.

இரண்டாவதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மராமத்து இலாகாவில் நான் கணக்கெழுதும் கிராணி, நீங்கள் சாலைக் கும்பலை வேலை வாங்கும் மண்டோர். பொழுது சாய்ந்ததும் உடம்பெல்லாம் தார் வாடையோடு என் மேசைக்கு எதிரில் வந்து நிற்பீர்கள். அன்று எத்தனை வண்டி கல் இறங்கியது, எத்தனை பீப்பாய் தார் காய்ச்சியது, எவருக்குக் கால் வெந்தது என்பதெல்லாம் வாயால் சொல்வீர்கள், நான் எழுதுவேன். உங்களுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் நான் பேனாவைக் கீழே வைக்கும்வரை நகரமாட்டீர்கள். "எழுதிட்டீங்களா? அப்ப முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுத்தான் போவீர்கள். எத்தனையோ ஆண்டுகள் அதே சொல். எழுத்தில் ஏறிவிட்ட ஒன்று பொய்யாகாது என்று நீங்கள் நம்பினீர்கள். எழுதுகிறவன் நான் என்பதால் எனக்கு அது பெருமையாக இருந்தது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் பக்கம் போகும் சாலையைச் செம்மண்ணாக இருந்த காலத்திலிருந்தே உங்களுக்குத் தெரியும். அதில் கல் பரப்பியதும் உங்கள் கும்பல், தார் ஊற்றியதும் உங்கள் கும்பல். வேலை நடக்கும் நாட்களில் நீங்கள் மூங்கில் கழியில் சிவப்புக் கொடி கட்டி நடுச்சாலையில் நிற்பீர்கள். ஒருநாள் நான் ஏதோ காகிதத்தில் உங்கள் கைநாட்டு வாங்க வந்தபோது, பெரிய துரையின் மோட்டார் வந்தது. நீங்கள் கொடியைத் தாழ்த்தவில்லை. மோட்டார் நின்றது. கூடை சுமந்த பெண்கள் சாலையைத் தாண்டும்வரை நின்றது.  துரை போனபின் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "என்னா கிராணியாரே, வேர்க்குது? நான் யாரு, வெறும் மண்டோரு. நின்னது எனக்கா? கொடிக்கு."

அதை நான் அப்போதே எண் போட்டு எழுதி வைத்திருக்க வேண்டும்.

நாம் இருவரும் அடுத்தடுத்து ஓய்வு பெற்றோம். கொடியைக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டீர்கள். ஆனால் சந்தையில் ஒரு சிவப்புத் துண்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டீர்கள். தினமும் காலையில் எதிர்ப்பக்கத்துச் சீனர் காப்பிக் கடைக்கு நாம் போவோம். ஓரத்தில் நின்று நான் வலப்பக்கம் பார்த்து, இடப்பக்கம் பார்த்து, மறுபடி வலப்பக்கம் பார்ப்பதற்குள், நீங்கள் துண்டை உதறிப் பிடித்துக்கொண்டு நடுவில் இறங்கிவிடுவீர்கள். மோட்டார்கள் நிற்கும். லோரி நிற்கும். ரிக்‌ஷாக்காரர்கூடத் திட்டிக்கொண்டே நிற்பார். "வாங்க கிராணியாரே, ரோடு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு! நீங்க தாண்டுறதுக்குள்ள நான் கிள்ளானுக்கு நடந்து போயிட்டு வந்துருவேன்!" நான் குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலை குனிந்து, உங்கள் பின்னால் ஓட்டமும் நடையுமாக வருவேன். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடி சிரிப்பார். நம்மோடு சேர்ந்து ரயில்வே பட்டறைக்குப் போகிறவர்களும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், சந்தைக்குப் போகிறவர்களும் தாண்டிவிடுவார்கள்.

எனக்கு அது வெட்கமாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன். இலாகாவை விட்டு வந்த ஒருவர் அதிகாரம் இல்லாமல் நடுச்சாலையில் துண்டை ஆட்டுவது எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ஆண்டில் மோட்டார்கள் பெருகின. நீங்கள் வராத ஒரு பகலில், பால் கொண்டுவந்த பெண் ஒருத்தி அடிபட்டு, அவள் கால் போயிற்று. சாலையில் பாலும் இரத்தமும் கலந்து ஓடியதைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தீர்கள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"கிராணியாரே, ஒரு மனு எழுதுங்க. அந்த எடத்துல ஒரு ஆளு, கையில ஒரு செவப்புக் கொடி. அவ்வளவுதான் வேணும். காலைல ஒரு மணி நேரம், பட்டறைச் சங்கு ஊதி விடுறப்ப ஒரு மணி நேரம். மாத்தி மாத்தி ஆளு ஒருத்தரப் போட்டாலும் சரி, இல்ல நானே நிக்கிறேன், சம்பளம் வேணாம். எழுதுங்க."

"எழுதுகிறேன்" என்றேன்.

"நடக்கத்தான ரோடு போட்டோம்? இப்பத் தாண்டுறதுக்கே ஒரு படிப்பு வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மனுவை எழுதினேன், மண்டோரே. பதினொரு முறை எழுதினேன். பதினொன்றும் இந்த மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கின்றன. ஒன்றில் வேண்டுகோள் கட்டளைபோல் தொனித்தது. ஒன்றில் இலாகாவைக் குறை சொல்வதுபோல் இருந்தது. ஒன்றில் ஒரு சொல்லின் மேல் எனக்குச் சந்தேகம். துரைகளுக்கு முன்னால் ஆயுள் முழுதும் கைகட்டி நின்ற எனக்கு, அவர்கள் மோட்டாரை நிறுத்த ஓர் ஆள் வேண்டும் என்று கேட்கத் துணிவு வரவில்லை. நீங்கள் வந்து கேட்கும்போதெல்லாம் "இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டும்" என்றேன். கடைசியில் நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். மனு எதற்கு? ஒரு பலகை வைப்போம். சாலையைத் தாண்டும் முறையை எழுதி வைப்போம். அங்கே இருக்கும் நம்மவர் வாசகசாலையின் வேலியோரத்தில் நட்டால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

நீங்கள் நெடுநேரம் என்னையே பார்த்தீர்கள். பிறகு, "சரி, பலகையாச்சும் வைப்போம்" என்று பட்டறையிலிருந்து ஒரு நல்ல மரத்தைக் கேட்டு வாங்கி இழைத்துக் கொண்டுவந்தீர்கள். நான் ஐந்து வரி எழுதினேன். ஓரத்தில் நின்று இரு பக்கமும் பார்க்கவும். மோட்டார்ச் சத்தம் கேட்டால் நிற்கவும். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளவும். மாட்டுவண்டி வந்தால் அது போகும்வரை காத்திருந்து, அதன் பின்புறத்தை ஒட்டிக் கடக்கவும். ஓட வேண்டாம்.

நாலாவது வரி என் சொந்த யோசனை. மற்ற நான்கும் எவருக்கும் தெரிந்தவை. நாலாவதில் என் அனுபவம் இருப்பதாக நினைத்தேன். நாம் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து சாலையில் பார்த்தது மாட்டுவண்டிதானே? முன்னால் போகும் வண்டியின் பின்புறத்தைப்போல் பத்திரமான இடம் சாலையில் இல்லை என்பது அந்தக் காலத்துப் பாடம். அடுத்த வண்டி இருபது முழம் பின்னால் வரும், மாடு தானே நின்றுவிடும்.

நான் ஐந்தையும் வாசித்துக் காட்டினேன். நாலாவதில் நீங்கள் கையைத் தூக்கினீர்கள்.

"வண்டிக்குப் பின்னாலயா? அங்கேருந்து என்னாங்க தெரியும்?"

"வண்டி உங்களுக்கு அரண்போல நிற்கும்" என்றேன்.

"அரணுக்கு அந்தப் பக்கம் என்னா வருதுன்னு..."

"எழுதியாகிவிட்டது, மண்டோரே. சாயம் காய்ந்துவிட்டது" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். என் எழுத்தை நீங்கள் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "எழுதிட்டீங்களா? அப்ப முடிஞ்சது."

குழி தோண்டி, கல் போட்டு இடித்து, நீங்களே நட்டீர்கள். ஐந்தையும் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டீர்கள். வழியில் போகிறவர்களை நிறுத்தி, "ஏம்மா, மூணாவது என்னா சொல்லு" என்று வம்பு செய்தீர்கள். அந்தச் சமயம் பார்த்து நான் இன்னொன்றும் சொன்னேன். "இனிமேல் துண்டை ஆட்டாதீர்கள். பலகை நட்டவரே அப்படிச் செய்தால் ஊர் சிரிக்கும்." நீங்கள் துண்டை மூன்றாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டீர்கள். பிறகு ஒருநாளும் அதை விரிக்கவில்லை.

இனி மூன்றாவது.

காலை. இரவு பெய்த மழையில் தார் கருத்து மின்னியது. நாம் வழக்கமான இடத்தில் நின்றோம். வலப்பக்கமிருந்து ஒரு விறகு வண்டி வந்தது. ஆள் உயரத்துக்கு மேலே விறகு அடுக்கியிருந்தது. அது நம்மைத் தாண்டிப் போயிற்று. நீங்கள் சாலையில் இறங்கினீர்கள். நான் ஓரத்திலேயே நின்றேன். எதிரே காப்பிக் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். "ஹாத்தி, ஹாத்தி!" கவனம், கவனம் என்று மலாயில் கூவினார். கிள்ளான் பக்கமிருந்து நகரை நோக்கி ஒரு மோட்டார் வந்தது. நானும் கூவ வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்றே அப்போது எனக்குத் தோன்றியது. அல்லது அப்படித் தோன்ற வேண்டும் என்று அடுத்த கணமே தீர்மானித்துக்கொண்டேனா? தெரியவில்லை. மேலே போகிறேன்.

நாலாவது, விசாரணை. மாஜிஸ்திரேட் துரை பெரியவர், பொறுமையானவர். பலகையைப் பெயர்த்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்திருந்தார்கள். துபாஷி ஐந்து வரியையும் ஆங்கிலத்தில் சொன்னார். துரை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இதை எழுதியவர் யார் என்று வினவினார். நான் என்றேன். பொது நன்மைக்காகச் செய்த காரியம், பாராட்டத்தக்கது என்றார். ஆயுளில் ஒரு துரை என்னை நாலு பேர் முன்னால் பாராட்டியது அந்த ஒருமுறைதான். என் காதுகள் சூடாகின. நீங்கள் போய் எட்டு நாட்கள்கூட ஆகவில்லை, நான் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த கேள்வி வந்தது. "இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கும்போது இறந்தவர் ஏன் அப்படிப் போனார்?"

இரண்டே பதில்கள்தான் இருந்தன. ஒன்று பலகையின் மேல் விழும், மற்றது உங்கள் மேல் விழும். பலகையின் மேல் விழுந்தால் என் மேல் விழும். நான் சொன்னேன்: "அவர் எப்போதும் கொஞ்சம் அவசரக்காரர், ஐயா."

துபாஷி அதை மொழிபெயர்த்தார். துரை எழுதிக்கொண்டார். எழுதிவிட்டார், முடிந்தது. மோட்டார் ஓட்டி வந்தவருக்கு எச்சரிக்கைகூட இல்லை. கடைசி வரிசையில் உங்கள் மனைவி நின்றுகொண்டிருந்தார். காப்பிக் கடைக்காரரை யாரும் கூப்பிடவே இல்லை. பலகையை மறுபடி அதே இடத்தில் நடச் சொல்லி உத்தரவாயிற்று.

நீங்கள் விழுந்த இடத்தில் உங்கள் துண்டு கிடந்தது. அன்று அதை எடுத்தவன் நான். இன்றுவரை உங்கள் மனைவியிடம் கொடுக்கவில்லை. மூன்றாக மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. ஓடியவர் தோளில் துண்டு அப்படி இருக்காது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். இது எந்த எண்ணின் கீழ் வரும் என்று தெரியவில்லை. இங்கேயே இருக்கட்டும்.

ஐந்தாவதற்காக இன்று பிற்பகல் அந்த இடத்துக்குப் போனேன். எழுதுவதற்கு முன் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். நீங்கள் போனபின் நான் அங்கே சாலையைத் தாண்டியதே இல்லை. காப்பியை வீட்டிலேயே போட்டுக் குடிக்கிறேன்.

பலகை இல்லாமல் கம்பம் மட்டும் நின்றது. என் பக்கத்தில் சந்தைக் கூடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். மோட்டார்கள் இரு பக்கமும் ஓயாமல் போயின. பிறகு ஒரு மாட்டுவண்டி வந்தது. இப்போது வண்டிகள் குறைந்துவிட்டன, ஆனாலும் ஒன்று வந்தது. கூண்டு கட்டிய வண்டி. எங்களைத் தாண்டியது.

"வாங்க பெரியவரே, வண்டி போயிருச்சு. இப்பப் போலாம்" என்று அந்தப் பெண் காலை எடுத்து வைத்தாள்.

நான் இடப்பக்கம் பார்த்தேன். கூண்டுதான் தெரிந்தது. கூண்டுக்கு அப்பால் சாலையே இல்லை. கிள்ளானிலிருந்து வருவது எதுவும் தெரியவில்லை. நீங்கள் கேட்டீர்களே, அங்கிருந்து என்ன தெரியும் என்று. ஒன்றும் தெரியாது, மண்டோரே. ஒன்றுமே தெரியாது. மாடு மெதுவாக நடக்கும். அது அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டே போகும். மறைப்பு விலகும்போது நாம் நடுச்சாலையில் இருப்போம்.

எப்படி என்று தெரியவில்லை, அவள் கூடையின் காதைப் பிடித்து இழுத்துவிட்டேன். கத்தரிக்காய்கள் சிதறின.

"ஐயோ, என்னாங்க இது, கைய விடுங்க! வயசான காலத்துல..."

அவள் பேச்சை முடிக்கவில்லை. கூண்டுக்கு அப்பாலிருந்து ஒரு லோரி வந்து, நடுச்சாலையில் அவள் அடி வைத்திருக்க வேண்டிய இடத்தின் வழியாகப் போயிற்று. அதன் காற்றில் என் குடை திரும்பிக்கொண்டது.

அவள் வேலியோரத்துக்குப் பின்வாங்கிக் கூடையை இறக்கி வைத்தாள். பிறகு குனிந்து கத்தரிக்காய்களைப் பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். "நல்ல வேளை பெரியவரே, புண்ணியமாப் போவீங்க" என்றாள். கடைசியில் தலையை ஆட்டிக்கொண்டு சொன்னாள்: "என் தப்புதான். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவள் அவசரப்படவில்லை. வண்டி போகும்வரை காத்திருந்தாள். அதன் பின்புறத்தை ஒட்டி நடந்தாள். ஓடவில்லை. "யார் உங்களுக்கு இப்படித் தாண்டச் சொன்னது?" என்று கேட்டேன். கம்பத்தைக் காட்டினாள். "இங்க ஒரு பலகை இருந்துச்சுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. அதுல அப்படித்தான் போட்டிருக்குன்னு மண்டோரு ஒருத்தரு சொல்லிக் குடுத்தாரு."

நீங்கள்தான்.

எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்? அவர்கள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்கள்? எழுத்து மழையில் அழிந்துவிட்டது. ஆனால் படிக்கத் தெரியாதவர்களிடம் போய்ச் சேர்ந்தது அழியவில்லை. அதை நான் எந்தச் சாயத்தால் அழிப்பேன்? தைப்பூசத்தன்று அந்த இடத்தில் ஆயிரம் பேர் நிற்பார்கள். அடிபடும் ஒவ்வொருவரும், வாய் இருந்தால், என் தப்புதான் என்பார். பக்கத்தில் நிற்பவனும் ஆமாம் என்பான். என் பலகை செய்தது அதைத்தான். மோட்டாருக்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை. ஐந்தும் நடக்கிறவர்களுக்கு.

வீடு திரும்பி, ஐந்து வரியையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். மங்கிய எழுத்தானாலும் போக மறுத்தது. நாலாவது கடைசியில்தான் போயிற்று. வேறு என்ன எழுதுவது என்று மாலை முழுதும் உட்கார்ந்து யோசித்தேன். வண்டி வெகுதூரம் போகும்வரை காத்திருக்கவும் என்று எழுதலாம். அதற்குள் அடுத்தது வந்துவிடும். கடக்க வேண்டாம் என்று எழுதலாம். சந்தையும் பட்டறையும் ரயிலடியும் அந்தப் பக்கம் இருக்கின்றன. கால் மட்டும் உள்ளவர்கள் அந்தச் சாலையைப் பத்திரமாகத் தாண்ட எந்த வாசகமும் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஓர் ஆள், ஒரு சிவப்புக் கொடி. இழுப்பறையைத் திறந்து பதினொரு மனுக்களையும் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவதைத் தொடங்கினேன். முதல் வரியிலேயே ஒரு சொல்லின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதை முடிப்பேன் என்று உங்களிடம் வாக்குக் கொடுக்க மாட்டேன். என் வாக்கை நீங்கள் ஒருமுறை நம்பியாயிற்று.

நாளைக் காலை உங்கள் மனைவி வருவார். வெறும் பலகையைப் பார்ப்பார். ஏன் என்று கேட்பார். அவருக்கும் எழுத்துத் தெரியாது. இந்த மடலை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். துண்டையும் எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். வாசிக்கும்போது குரல் வருமா என்று தெரியவில்லை. தேவையான நேரத்தில் அது வந்ததில்லை. மூன்றாவதைத் தாண்டிப் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே தாண்ட முடியாதபடி அதைக் கடைசியிலும் எழுதி வைக்கிறேன். இனியாவது அவர் உங்களை வையாமல் விளக்கேற்றட்டும். வைவதற்கு ஆள் வேண்டுமானால் நான் இருக்கிறேன்.

மேலே வரிசையில் மூன்றாவதாக எழுதியது தவறு.

நீங்கள் அவசரப்படவில்லை. ஓரத்தில் நின்றீர்கள். இரு பக்கமும் பார்த்தீர்கள். விறகு வண்டி முழுதும் போகும்வரை காத்திருந்தீர்கள். துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. வண்டியின் பின்புறத்தை ஒட்டி ஓரடி வைத்துவிட்டு, ஓரத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டீர்கள்: "நாலாவது, கிராணியாரே. சரிதான?"

நான் சரி என்று தலையசைத்தேன்.